குடிக்க மறுத்த மண்

கும்பகோணத்துக்குக் கிழக்கே, வாய்க்கால்கரை ஊர் ஒன்றில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் கொல்லையில், முருங்கை மரத்துக்கு அப்பால், நான்கடி விட்டமும் எட்டடி ஆழமுமாக ஒரு குழி உண்டு. எட்டு சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைப் பூசாமல் மண்ணாகவே விட்டு, தலைக்கு மேல் ஒரு கான்கிரீட் பலகையைப் போட்டு மூடிய அந்தக் குழியைப் பற்றி, அது தன் காரியத்தைச் செவ்வனே செய்துகொண்டிருந்த ஆறு ஆண்டுகளில் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஏழாம் ஆண்டு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாலாம் நாள் காலையில், கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் பீங்கானின் விளிம்புவரை ஏறி நின்றது. அன்று முதல் வீட்டில் அந்தக் குழியைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

கொத்தனார் வந்தார், பலகையின் ஓரத்தைக் கடப்பாரையால் நெம்பி எட்டிப் பார்த்தார். "குழி ரொம்பிப் போச்சுங்க ஐயா. லாரியைக் கூப்பிட்டு எடுத்துட்டா சரியாயிடும்" என்றார். லாரி வந்தது, குழாயை விட்டு உறிஞ்சியது, போயிற்று. பத்தொன்பதாம் நாள் பீங்கானில் மறுபடியும் தண்ணீர் நின்றது. இரண்டாம் முறை எடுத்ததற்குப் பதினோரு நாள் கெடு கிடைத்தது. மூன்றாம் முறைக்கு ஆறே நாள். "இன்னும் நாலு உறை இறக்கிடலாம், ஆழம் போனா தாங்கும்" என்பது கொத்தனாரின் அடுத்த யோசனை. அவர் அநுபவசாலி; கெட்ட எண்ணத்தோடு சொன்னவரும் அல்லர். ஆனால் நோயின் பெயரைப் பிழையாகச் சொல்லிவிட்டால் சிகிச்சையும் பிழையாகத்தான் முடியும் என்பதற்கு அந்த மூன்று லாரிச் செலவுகளே சாட்சியாக நின்றன.

'குழி நிறைந்துவிட்டது' என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த அளவுள்ள குழியில், வீட்டுக் குழாய் வந்து சேரும் மட்டத்துக்குக் கீழே, ஏறக்குறைய 2,500 லிட்டர் கொள்ளும். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம் ஆகிய எல்லாவற்றின் ஜலமும் அதற்குள்ளேதான் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கு நூறு லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் நாளொன்றுக்கு 500 லிட்டர். அப்படியானால், குழி வெறும் தொட்டியாக இருந்திருந்தால், கட்டிய ஐந்தாம் நாளே நிறைந்து வழிந்திருக்க வேண்டும்! ஆறு ஆண்டுகள் அது வழியாமல் இருந்ததற்குக் காரணம் குழியின் கொள்ளளவு அன்று. உறைகளின் இடுக்குகள் வழியாகவும் திறந்த அடி வழியாகவும் சுற்றியுள்ள மண் நாள்தோறும் அந்த 500 லிட்டரையும் குடித்துக்கொண்டே வந்ததுதான். திடப்பொருளின் கணக்கோ முற்றிலும் வேறு. நீருக்குள் கிடந்து மக்கிச் சுருங்கியபின் தங்கும் கசடு, திட்டமிடுவோர் கைக்கொள்ளும் அளவின்படி, ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லிட்டர். ஐந்து பேருக்கு 200 லிட்டர். அந்தக் கணக்கில், கசடால் மட்டும் எங்கள் குழி நிரம்புவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முதல் லாரி வந்தபோது கசடு பாதிக் குழியைத்தான் அடைத்திருந்தது. மீதிப் பாதியில் நின்றது போக வழியில்லாத தண்ணீர்.

ஆகவே பழுதானது குழி அன்று, மண். மண் ஏன் குடிக்க மறுத்தது, அதை மறுபடியும் குடிக்கப் பழக்குவது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

குழிக்குள் நடக்கும் காரியத்தை மனிதர்கள் அறிந்துகொண்டதே சற்றுத் தற்செயலாகத்தான். பிரான்சு தேசத்தில் வெஸூல் என்னும் ஊரைச் சேர்ந்த லூயி மூராஸ் என்பவர், 1860-ஆம் ஆண்டு வாக்கில், ஒரு வீட்டின் கழிவு முழுவதும் போய் விழும்படி செங்கல் தொட்டி ஒன்றைக் கட்டினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதைத் திறந்து பார்த்தபோது, மலை போல் குவிந்திருக்கும் என்று எதிர்பார்த்த திடப்பொருள் அங்கே இல்லை. கலங்கிய நீரும் கொஞ்சம் கசடுமே இருந்தன. காற்றுப் புகாத இருட்டில் வாழும் நுண்ணுயிர்கள் மலத்தைத் தின்று கரைத்துவிட்டிருந்தன. மூராஸ் 1881-இல் தம் தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்தில் டொனால்டு காமரன் கட்டிய தொட்டிக்கு 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைக்கப்பட்டு, அந்தப் பெயர் இன்று நம் தெருக்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. பெயர் வந்து சேர்ந்ததே தவிர வஸ்து வந்து சேரவில்லை என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், நம் ஊர்களில் செப்டிக் டேங்க் என்று வீட்டுக்காரர் சுட்டிக்காட்டும் பலகையைத் தூக்கிப் பார்த்தால், பெரும்பாலும் அடியில் இருப்பது எங்கள் வீட்டுக் குழியைப் போன்ற உறைக்குழியே. தொட்டி என்பது நீரைத் தேக்கித் திடப்பொருளைப் படியவிட்டுத் தெளிந்ததை மட்டும் வெளியே அனுப்புவது. உறைக்குழியோ தெளிந்ததும் தெளியாததுமாக எல்லாவற்றையும் மண்ணின் வாயிலேயே கொண்டுபோய் ஊட்டுவது.

அப்படி ஊட்டப்படும் மண்ணில் என்ன நிகழ்கிறது? மண் என்பது கெட்டியான ஒரு பண்டமாக நம் கண்ணுக்குத் தோன்றினாலும், அதன் கன அளவில் கிட்டத்தட்டப் பாதி வெற்றிடமே. துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள அந்த நுண்ணிய சந்துகள் வழியாகத்தான் நீர் இறங்குகிறது. பிரான்சின் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த ஹென்றி டார்சி என்னும் பொறியாளர், மணல் நிரப்பிய குழாய்களில் நீரை விட்டு அளந்து, அது எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்பதற்கான விதியை 1856-இல் வெளியிட்டார். மேலிருந்து அழுத்தும் நீரின் உயரமும் மண்ணின் இடங்கொடுக்கும் தன்மையும் சேர்ந்து அந்த வேகத்தை நிர்ணயிக்கின்றன என்பது அதன் சாரம். டார்சியின் குழாயில் இருந்தது சுத்தமான மணலும் சுத்தமான நீரும். நம் குழியில் வருவதோ நுண்ணுயிர்களுக்கு விருந்து. குழிச் சுவருக்கு வெளியே மண் தொடங்கும் அந்த முதல் விரற்கடையில் அவை கோடிக்கணக்காய்க் குடியேறி, பிசின் போன்ற ஒரு வழுவழுப்பைச் சுரந்து, அதற்குள்ளேயே வாசம் செய்கின்றன. கழிவிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகி, மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து, மைக்கறுப்பான இரும்பு சல்பைடாகப் படிகிறது. கரையாத நார்த்துணுக்குகளும் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இப்படி, சில மில்லிமீட்டர் முதல் ஓரிரண்டு சென்டிமீட்டர் வரை தடிமனுள்ள ஒரு கறுப்புத் தோல் மண்ணுக்கு முளைக்கிறது. தோலுக்கு அப்பால் உள்ள மண் உலர்ந்தே கிடக்கும். தோலுக்கு இப்பால் நீர் தேங்கி நிற்கும். தாகத்தோடு இருப்பவனின் உதட்டைத் தைத்துவிட்ட மாதிரிதான்.

இந்தத் தோலைப் பற்றி 1960-களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மெக்காஹி, வின்னெபெர்கர் என்ற இருவர் விரிவாக ஆராய்ந்தார்கள். மண் அடைத்துக்கொள்வதற்கு மூலகாரணம் இடைவிடாத நீர்த்தேக்கமே என்பது அவர்களுடைய ஆராய்ச்சியில் நன்றாகத் துலங்கியது. நீர் ஓயாமல் நிற்கும்போது காற்று உள்ளே போக இடமில்லை. காற்று இல்லாத இடத்தில் பிசினைச் சுரக்கும் உயிர்கள் தழைக்கின்றன. அந்தப் பிசினைத் தின்னக்கூடிய, காற்றை விரும்பும் உயிர்கள் மடிகின்றன. நீரை நிறுத்திக் குழியைக் காயப்போட்டால் நிலைமை தலைகீழாகிறது. காற்று மெல்ல மெல்ல மண்ணுக்குள் ஊர்ந்து செல்ல, காற்றை விரும்பும் உயிர்கள் திரும்பி வந்து தோலை அரித்துத் தின்னத் தொடங்குகின்றன. கறுப்பு இரும்பு சல்பைடு பிராணவாயுவோடு சேர்ந்து துருநிறமாக மாறுகிறது. பல மாதங்கள் ஓய்வு கிடைத்தால், அடைபட்ட மண் தான் இழந்த தாகத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுவிடும். மண்ணுக்கு மருந்து ஓய்வு. கடையில் விற்கும் தூள்களோ, ஈஸ்டோ, மண்ணெண்ணெயோ, ஆசிடோ அன்று. ஆசிடைக் கொட்டுகிறவர் குழிக்குள் வேலை செய்யும் கோடானுகோடி ஜீவராசிகளைக் கொன்று, சிமெண்டு உறையையும் அரித்து, கடைசியில் அந்த விஷத்தைத் தம் கிணற்றுக்கே அனுப்பிவைக்கிறார்.

இவற்றையெல்லாம் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே நான் குழியண்டை போனேன். போனேன் என்றால் பக்கத்தில் போனேன். உள்ளே இறங்கவில்லை, ஒருவரையும் இறங்க விடவும் இல்லை. இதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். கசட்டிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றமாக எச்சரிக்கும்; பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு அளவை எட்டியதும் சில நிமிஷங்களில் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். இறங்குகிற மனிதன் நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறான். எழுநூறு, ஆயிரம் பங்கு என்று ஏறும்போது இரண்டு மூச்சில் சுருண்டு விழுவான். அமைதியாகக் கிடக்கும் கசட்டைக் காலால் மிதித்துக் கலக்கியதுமே உள்ளே அடைபட்டிருந்த வாயு குபீரென்று கிளம்புவதால், இறங்கும்போது சரியாக இருந்த காற்று இறங்கிய பின் சரியாக இருக்கும் என்ற நிச்சயம் கிடையாது. விழுந்தவனைத் தூக்கப் பதறி இறங்குகிற தம்பியும், அவனைத் தூக்க இறங்குகிற அண்டை வீட்டுக்காரரும் அடுத்தடுத்து விழுவார்கள். இத்தனைக்கும் மேலே மீத்தேன் என்று ஒரு வாயு. நூறு பங்கு காற்றில் ஐந்து முதல் பதினைந்து பங்கு வரை கலந்திருந்தால் ஒரு தீக்குச்சி போதும், வெடித்துவிடும்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைக் கழிவுத் தொட்டியில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தச் சட்டம் நகராட்சியை மட்டும் அன்று, வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தும். இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் உத்தரவிட்டது. 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கம் அன்று. தலைமுறை தலைமுறையாக ஒரே ஜாதியாரை இந்தக் குழிகளுக்குள் இறக்கிவிட்டு, மேலே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற சமூகம் இது. இன்றும் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த ஓர் ஏழையின் உயிரைப் பணயம் வைக்கிற வீடுகள் இருக்கின்றன. குழியைச் செப்பனிடும் வேலை முழுவதையும், முதல் அளவு முதல் கடைசிக் கல் வரை, தரைக்கு மேலே நின்றே செய்ய முடியும்.

அளப்பதற்கு வேண்டிய சாதனம் ஒரு நீண்ட சவுக்குக் கழியும் ஒரு பழைய வெள்ளை வேட்டியும்தான். கழியின் கீழ்ப்பாதியில் துணியை இறுகச் சுற்றிக் கட்டி, பலகையின் துவாரம் வழியாக மெதுவாக அடிவரை இறக்கி, சிறிது நேரம் வைத்திருந்து நேராக மேலே எடுத்தால், தெளிந்த நீர் நின்ற இடம் வெறும் ஈரமாகவும் கசடு நின்ற இடம் கறுப்பாகவும் துணியில் பதிந்து வரும். எங்கள் கழியில் கறுப்பு மூன்றரை அடிக்குக் கொஞ்சம் அதிகமாக ஏறியிருந்தது; குழியில் பாதிக்கும் குறைவு. கணக்கும் கழியும் ஒத்துப்போயின.

லாரி காலி செய்த பிறகு குழியின் சுவரைப் பார்க்க, நடுப்பகலில் ஒரு முகக்கண்ணாடியை வைத்துச் சூரிய ஒளியை உள்ளே திருப்பினேன். கிணற்றில் விழுந்த குடத்தைத் தேட எங்கள் பாட்டி கையாண்ட உபாயம் அது. ஒளிவட்டம் சுவரில் மெல்ல நகர்ந்தபோது, உறைக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடுக்குகளில் தார் பூசினாற்போல் ஒரு பளபளப்புத் தெரிந்தது. மேலே முதல் உறையின் இடுக்கில் மட்டும், நீர் எட்டாத இடத்தில், மண் செம்பழுப்பாக இருந்தது. இன்னொன்றும் கண்டேன். அடியுறையின் ஓரத்தில் தெளிந்த நீர் சன்னமாக ஊறிக் குழிக்குள் வந்துகொண்டிருந்தது. அது எங்கள் வீட்டு ஜலம் அன்று. கார்த்திகையில் உயர்ந்த நிலத்தடி நீர். கோடையில் பதினெட்டு அடியில் கிடக்கும் எங்கள் கிணற்று மட்டம், மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்கால்களில் வந்து, வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்த பிறகு, ஆறு அடிக்கு ஏறிவிடும். எட்டடிக் குழியின் அடி இரண்டடி நீருக்குள் மூழ்கிவிடுகிறது. ஏற்கனவே நீரில் முக்கிய துணி மேலும் நீரை எப்படி உறிஞ்சும்? இன்னும் நான்கு உறை இறக்கியிருந்தால், குழியை நேரே கிணற்றோடு இணைத்த பாவந்தான் மிஞ்சியிருக்கும்.

அப்படி இணைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்கக் கூடாத ஓர் உதாரணம் உண்டு. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் லண்டனின் பிராட் தெருவைச் சுற்றி காலரா வெடித்து, அறுநூறுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. தெருக் கைப்பம்பின் தண்ணீரே காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ நிறுவ, செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது என்பது பலரும் அறிந்த கதை. பலரும் அறியாதது அதற்குப் பின் நடந்தது. அப்பகுதிப் பாதிரியாரான ஹென்றி ஒயிட்ஹெட் வீடு வீடாக விசாரித்து, 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை பேதியால் இறந்ததையும், அதன் தாய் துணிகளை அலசிய நீரை வீட்டின் முன்புறத்துக் கழிவுக்குழியில் ஊற்றியதையும் கண்டுபிடித்தார். அந்தக் குழியைத் தோண்டிப் பார்த்தபோது அதன் செங்கற்கள் உளுத்துப் போயிருந்தன. குழிக்கும் பம்பின் கிணற்றுக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை. இடையிலிருந்த மண் கழிவுநீரில் ஊறிக் கிடந்தது. ஒரு வீட்டின் பழுதான குழி ஒரு பேட்டையையே காலி செய்தது.

எங்கள் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருபத்தெட்டு அடி. பத்து முதல் பதினைந்து மீட்டராவது வேண்டும் என்பது நம் நாட்டில் பொதுவாகச் சொல்லப்படும் விதி. அதற்கு நாங்கள் குறைவு. அன்றிலிருந்து கிணற்று நீரைக் குடிக்க எடுப்பதை நிறுத்தினோம். தூரம் கிருமிகளை ஓரளவு தடுக்கும், நைட்ரேட்டைத் தடுக்காது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீரிலுள்ள நைட்ரஜன் காற்றுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறி, எந்த மண்ணிலும் ஒட்டாமல் நீரோடு நீராய்ப் பயணம் செய்யும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம்; மிஞ்சினால், புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாரிக்கும். செல்வம் கொழிக்கும் தேசங்களும் இந்த விஷயத்தில் தப்பவில்லை. நியூயார்க்குக்குக் கிழக்கே உள்ள சஃபோக் மாவட்டத்தில் பழைய உறிஞ்சுகுழிக்குப் பதிலாக அதேபோல் இன்னொரு குழி வெட்டுவதை 2019 ஜூலை முதல் தடுத்துவிட்டார்கள். ஹவாய்த் தீவுகளில் உள்ள குழிகளை 2050-க்குள் மாற்றியாக வேண்டும் என்று 2017-இல் சட்டம் செய்திருக்கிறார்கள்.

இனி, எங்கள் மண்ணுக்கு எவ்வளவு தாகம் என்று தெரிய வேண்டும். 1920-களில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரயான் என்பவர், பழுதான வீட்டுக் கழிவமைப்புகளின் பக்கத்தில் ஓரடிச் சதுரக் குழிகளை வெட்டி, அதில் நீர் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அளந்து, மண்ணின் தாகத்தை ஒரு எண்ணாகச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். கடிகாரமும் அடிக்கோலும் இருந்தால் யாரும் செய்யக்கூடிய பரிசோதனை. முந்தின நாளே நீரை ஊற்றி மண்ணை ஊறவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. காய்ந்த மண் முதல் வாய்க்கு ஆவலாகக் குடிக்கும், அந்த ஆவலை நம்பலாகாது.

கொல்லையின் மறுகோடியில், கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால், மழை விட்டு நிலத்தடி நீர் தாழ்ந்தபின் மூன்று ஆழங்களில் அளந்தேன். இரண்டடி ஆழத்து வண்டல், ஓர் அங்குலம் இறக்க இருபத்திரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டது. நாலடியில் களி, ஒரு மணி இருபது நிமிஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன், அப்புறந்தான் அங்குலக் கோடு தெரிந்தது. ஏழடியில் காவிரி என்றோ கொண்டுவந்து போட்டுப் போன மணல். மூன்றே நிமிஷத்தில் நீர் காணாமற்போயிற்று. அரை மணிக்குள் இறங்கும் மண் உறிஞ்சுவதற்கு ஏற்றது, ஒரு மணிக்கு மேல் ஆகும் மண் உதவாது என்பது பொறியாளர் கொள்ளும் அளவு. அப்படியென்றால் மூன்று நிமிஷத்து மணல் உத்தமமானது என்று தோன்றும். அப்படி அன்று. வேகமாகக் குடிக்கும் மண் வடிகட்டாது. அந்த மணலில்தான் எங்கள் கிணற்றின் ஊற்றுக்கண் இருக்கிறது; எங்கள் எட்டடிக் குழியின் அடியும் அதே மணலில்தான் போய் முட்டியிருந்தது. ஆறு ஆண்டுகள் ஒரு வார்த்தை பேசவைக்காமல் குழி வேலை செய்த ரகசியம் அதுதான் என்று புரிந்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது.

செப்பனிட்ட விதத்தைச் சொல்கிறேன். முதல் வேலை குழியில் அன்று, வீட்டுக்குள்ளே. கழிப்பறை நீர்த்தொட்டியில் மஞ்சள்பொடியைக் கரைத்துவிட்டு, தண்ணீர் இழுக்காமல் அரை மணி காத்திருந்தேன்; பீங்கானில் மஞ்சள் கோடு இறங்கிற்று. ரப்பர் மூடி தேய்ந்து, இராப்பகலாய் நீர் கசிந்து, ஓய்வே கொடுக்காமல் மண்ணை நனைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றினோம். குளியல் நீரையும் துணி துவைத்த நீரையும் தனிக் குழாயில் பிரித்து, வாழைக்கும் சேம்புக்கும் திருப்பினோம். நாளுக்கு 500 லிட்டராக இருந்தது 150 ஆயிற்று. ஒரு செங்கல்லும் வைக்கும் முன்பே நோயில் முக்கால் பங்கு தீர்ந்தது என்று சொல்லலாம்.

அடுத்து, வீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே மெய்யான தொட்டி ஒன்று. ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், நீர் நிற்கும் ஆழம் ஒரு மீட்டர். அடியும் சுவரும் ஒழுகாமல் பூசி, நடுவே ஒரு தடுப்பு. நீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் 'டி' வடிவக் குழாய் வைத்து அதன் கீழ்வாயை நீருக்குள் அமிழ்த்திவிட்டால், மிதக்கும் ஏடும் அடியில் படியும் கசடும் தொட்டியிலேயே தங்கி, நடுவிலுள்ள தெளிவு மட்டும் வெளியேறும். இந்தக் கசட்டை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வந்து எடுக்க வேண்டும்; எடுத்ததை ஆற்றிலோ வயலிலோ கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் வீட்டுக்காரரின் கடமை. கருங்குழி என்னும் ஊரில் 2017-இல் அத்தகைய நிலையம் வந்ததைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் வேறு ஊர்களிலும் அமைத்து வருகிறார்கள்.

தொட்டியிலிருந்து வெளியேறும் நீருக்கு இரண்டு பாதைகள். ஒன்று, இருபத்திரண்டு நிமிஷத்து வண்டலில் இரண்டடி ஆழமும் இரண்டடி அகலமும் எட்டு மீட்டர் நீளமுமாக வெட்டிய அகழ். அடியில் ஜல்லி, அதன்மேல் துளையிட்ட குழாய், மறுபடி ஜல்லி, மண் இறங்காமல் ஒரு சாக்குவிரிப்பு, மேலே மண். மற்றது அந்தப் பழைய குழியே. லாரி அதைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்த பிறகு, மணலில் முட்டியிருந்த அதன் அடியில் மேலிருந்தே களிமண்ணைக் கொட்டி, நீண்ட கழியால் குத்திக் கெட்டித்து, இரண்டடி தூர்த்தோம். பலகையைப் புரட்டியபோது அதன் அடிப்பக்கம் பொரபொரத்து, கம்பிகள் துருவேறித் தொங்கின. குழியின் வாயு ஈரமான சிமெண்டில் படிந்து, அங்கு வாழும் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறிக் கீழிருந்தே தின்றுவிட்டிருந்தது. மேலே குழந்தைகள் பாண்டி ஆடிய பலகை அது! புதுப் பலகை வார்த்து, காற்றுக் குழாய் வைத்து, அதன் வாயில் கொசுவலைக் கம்பியைக் கட்டினோம்; யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவுக்கு இத்தகைய குழிநீர் பிரியமான பிறப்பிடம்.

இரண்டு பாதைகளும் பிரியும் இடத்தில் ஒரு சிறு செங்கல் பெட்டி. ஒரு வாயில் கல் வைத்து அடைத்தால் நீர் மற்ற வாயில் போகும். நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் மாசி முதல் வைகாசி வரை குழிக்கு, வாய்க்காலில் தண்ணீர் வந்தது முதல் தை முடியும் வரை அகழுக்கு என்று முறை வைத்தோம். ஒன்று குடிக்கும்போது மற்றது காயும்.

குழிக்கு முதல் ஓய்வு மட்டும் நீண்டது. கார்த்திகையில் அடைத்தது, அடுத்த ஆண்டு மாசி வரை, பதினான்கு மாதங்களுக்கு மேல். திறக்கும் முன் அதே கண்ணாடியை எடுத்துக்கொண்டு நடுப்பகலில் போனேன். கொத்தனாரும் கூட இருந்தார். ஒளிவட்டத்தை முதல் உறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். தார் பூசினாற்போல் இருந்த இடுக்குகள் ஐந்தாம் உறை வரை செம்பழுப்பாக மாறியிருந்தன. கடைசி உறையில் மட்டும் ஆங்காங்கே கொஞ்சம் கறுப்புத் திட்டு. "மண்ணு ஆறிடுச்சுங்க" என்றார் கொத்தனார். நாற்பது குடம் தண்ணீரை எண்ணி ஊற்றி, சவுக்குக் கழியில் ஈரம் பட்ட இடத்தைக் கரிக்கோடு போட்டு வைத்தோம். மறுநாள் அதே நேரத்தில் கழியை இறக்கி எடுத்தபோது, ஈரம் கோட்டுக்கு ஒன்றேகால் அடி கீழே இருந்தது. அன்று மாலை பெட்டியிலிருந்த கல்லை இந்த வாயிலிருந்து எடுத்து அந்த வாயில் வைத்தோம்.